நாட்டுக்கோழி ரத்தத்தில் ஹார்மோனின் வேலையைப் படிப்பது எப்படி: பஞ்சாரத்திலிருந்து மைக்ரோஸ்கோப் வரை முழுமையான வழிகாட்டி

கோழியின் உடலில் ஹார்மோன் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. அது நோய் எதிர்ப்பு செல்களிடம் செய்யும் வேலை மட்டும் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரியும். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்காகவும், விலங்கியல் படித்துவிட்டுக் கையில் ஒரு மைக்ரோஸ்கோப்போடு நிற்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்பில் இல்லை. கோழியைப் பிடித்த நேரத்திலும் எந்தக் கோழியைப் பிடித்தார்கள் என்பதிலும்தான். அதனால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஊசியை எடுப்பதற்கு முன் கேள்வியை எழுதுங்கள்

"ஹார்மோன் எதிர்ப்புச் சக்தியை எப்படிப் பாதிக்கிறது?" என்பது பாடப்புத்தகக் கேள்வி. அதை வைத்துக்கொண்டு ஒரு கோழியையும் பிடிக்க முடியாது. "கூடையில் போட்டு வாரச் சந்தைக்குக் கொண்டுபோய்த் திரும்பிய வெடைக்கோழிக்கு வெள்ளையணுக்களின் விகிதம் மாறுகிறதா?" என்பது செய்யக்கூடிய கேள்வி. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடைபட்ட கோழி, ஓலைக் கூரையின் கீழ் இருந்த கோழி என்று இரண்டை ஒப்பிடுவதும் நல்ல கேள்விதான்.

ஒரே ஒரு மாற்றம், மற்றதெல்லாம் ஒரே மாதிரி. சந்தைக்குப் போகும் கோழிக்குத் துணையாக, அதே வயது, அதே தீவனம், வீட்டிலேயே தங்கும் கோழி ஒன்று வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். பிடிப்பதும் குத்துவதுமே கோழிக்கு அழுத்தம் தரும் என்பதால், அந்தப் பங்கைக் கழித்துப் பார்க்க வீட்டுக்கோழி தேவைப்படுகிறது. பல பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு "முன், பின்" என்று இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு, வித்தியாசம் சந்தையால் வந்ததா ஊசியால் வந்ததா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2. எந்த ஹார்மோன் எந்த செல்லை என்ன செய்கிறது

இதைப் படிக்காமல் அடுத்த படிக்குப் போனால், கண்ணாடித் தகட்டில் பார்ப்பது என்னவென்றே புரியாது.

மனிதனுக்குக் கார்ட்டிசால் செய்யும் வேலையைப் பறவையில் முக்கியமாகச் செய்வது கார்ட்டிகோஸ்டிரோன். பயம், வெயில், பட்டினி, நெரிசல் எது வந்தாலும் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும். பிட்யூட்டரி ஏசிடிஎச் என்னும் ஹார்மோனை அனுப்பும். அது அட்ரினல் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்ததும் கார்ட்டிகோஸ்டிரோன் ரத்தத்தில் கலக்கும்.

இந்த ஹார்மோன் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கிருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்குகிறது அல்லது நிறுத்துகிறது. அதனால்தான் ஹார்மோன் ஏறியவுடன் செல்களில் மாற்றம் தெரிவதில்லை. இந்தத் தாமதத்தை நினைவில் வையுங்கள், 5-ஆம் படி முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

மாற்றம் இரண்டு பக்கமும் நடக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து ஹெட்டரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் அதிகமாக ரத்தத்துக்கு வருகின்றன. நம் உடலில் நியூட்ரோஃபில் செய்யும் வேலையை, அதாவது கிருமியை விழுங்கிக் கொல்லும் வேலையை, கோழியில் செய்பவை இவை. இன்னொரு வகை வெள்ளையணுவான லிம்போசைட்டுகளோ ரத்தத்தைவிட்டுத் திசுக்களுக்கு நகர்கின்றன. ஹெட்டரோஃபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்து வருவதைத்தான் இனி விகிதம் என்று சொல்லப்போகிறேன். ஆக, ரத்தத்தில் லிம்போசைட் குறைந்தால் எல்லாம் செத்துவிட்டன என்று முடிவு கட்டக் கூடாது. குறுகிய அழுத்தத்தில் பெரும்பாலும் இடமாற்றம்தான். நாள்கணக்கில் கார்ட்டிகோஸ்டிரோன் உயர்ந்தே இருந்தால் கதை வேறு. அப்போது கழுத்திலிருக்கும் தைமஸ் சுரப்பியிலும், எச்சத்துவாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் பர்சா என்னும் சிறு பையிலும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் லிம்போசைட்டுகள் தாங்களாகவே மடிகின்றன, உறுப்பே சுருங்குகிறது.

மற்ற ஹார்மோன்களும் சும்மா இருப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் பர்சாவைச் சுருக்கும். கரு முட்டைக்குள் இருக்கும்போதே அதைக் கொடுத்தால் பர்சா சரியாக உருவாவதே இல்லை. இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் எதிர்ப்புச் செல்களுக்கு ஆதரவு. ஜப்பானியக் காடைகளை இடைவிடாத வெளிச்சத்தில் வைத்தபோது எதிர்ப்புத் திறன் குறைந்ததும், மெலட்டோனின் கொடுத்தபோது மீண்டதும் ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. தைராய்டு ஹார்மோனும் வளர்ச்சி ஹார்மோனும் தைமஸ் வளரத் தேவை. அடைக்கோழியின் உடலில் புரோலாக்டின் உயர்ந்திருக்கும், அது தீனியும் சரியாக எடுக்காது. முட்டையிடும் கோழியில் ஈஸ்ட்ரோஜன் ஓங்கியிருக்கும், அதன் பிளாஸ்மா கொழுப்பேறிப் பால்போலக் கலங்கியிருக்கும். சேவல், அடைக்கோழி, முட்டையிடும் கோழி மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது அழுத்தத்தை அல்ல.

3. கோழியைத் தேர்ந்தெடுப்பது, அனுமதி வாங்குவது

முதல் முறை செய்பவர்கள் நான்கு, ஐந்து மாத வெடைக்கோழிகளை எடுங்கள். இன்னும் முட்டைக்கு வரவில்லை, அடையும் இல்லை, சேவலின் ஹார்மோன் குழப்பமும் இல்லை. குஞ்சுகள் வேண்டாம். பொரித்த புதிதில் குஞ்சின் ரத்தத்தில் ஹெட்டரோஃபில்தான் மிகுதி, பிறகுதான் லிம்போசைட் முந்துகிறது. வயது தெரியாமல் குஞ்சை எடுத்தால் அழுத்தம் இல்லாமலேயே விகிதம் உயர்ந்து நிற்கும்.

கோழிக்காரரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரிய வீடுகளின் பின்கட்டில் கோழி வளர்க்கும் ஆச்சிகளுக்கு ஒவ்வொரு கோழியின் ஜாதகமும் தெரியும்.

"ஆச்சி, இந்த வெடை எப்போ வாங்கினது?"

"அது முந்தாநாள்தான் தம்பி வந்துச்சு. மத்ததுங்க இன்னும் கொத்தி விரட்டுதுங்க, பாவம்."

அந்த ஒரு பதிலிலேயே அந்தக் கோழி உங்கள் பட்டியலிலிருந்து வெளியே. புது இடம், புதுக் கூட்டம், கொத்து எல்லாம் அதன் கார்ட்டிகோஸ்டிரோனை ஏற்கெனவே ஏற்றியிருக்கும். அண்மையில் தடுப்பூசி போட்டதா, சளி பிடித்ததா, மருந்துக்கடையில் வாங்கி ஸ்டிராய்டு ஊசி ஏதும் போட்டார்களா என்பதையும் கேளுங்கள். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டிராய்டு மருந்து கார்ட்டிகோஸ்டிரோனின் வேலையையே செய்யும்.

ரத்தம் எடுப்பது கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் நடக்கட்டும். கல்லூரித் திட்டமாகச் செய்தால் நிறுவனத்தின் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி முதலில் வேண்டும். காட்டுப் பறவைகளைத் தொடவே கூடாது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அங்கே போய் ஒரு நாரையைப் பிடிக்கலாமா என்று கேட்ட மாணவர்களும் உண்டு!

4. முந்தின நாளே தயாராக வேண்டியவை

கோழியைக் கையில் வைத்துக்கொண்டு பஞ்சைத் தேடினால் வேலை கெட்டது. எனவே எல்லாவற்றையும் முந்தின இரவே ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள்.

தேவையானவை: புதிய கண்ணாடி ஸ்லைடுகள், 26 கேஜ் ஊசி, 1 மில்லி சிரிஞ்ச், பஞ்சு, ஸ்பிரிட், பென்சில், லீஷ்மன் சாயம், பிஎச் 6.8 பஃபர் தண்ணீர், இம்மர்ஷன் ஆயில், 100 மடங்கு ஆப்ஜெக்டிவ் உள்ள மைக்ரோஸ்கோப், ஸ்டாப்வாட்ச் ஓடும் ஒரு கைபேசி. ஹார்மோன் அளவையும் ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் ஹெப்பாரின் குழாயும் ஐஸ் பெட்டியும் கூட வேண்டும்.

ஸ்லைடுகளை "புதுசுதானே" என்று அப்படியே எடுக்காதீர்கள். புது ஸ்லைடிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ரத்தம் ஓட்டை ஓட்டையாகப் படியும். ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைத்து, ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். கோழியின் அடையாளத்தை ஸ்லைடின் சொரசொரப்பான மங்கலான முனையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மையும் மார்க்கரும் சாயத்திலுள்ள மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும்.

5. பிடிப்பது: இரண்டு கடிகாரங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். கோழிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று ஹார்மோனுடையது, இன்னொன்று செல்களுடையது.

ஹார்மோன் கடிகாரம் வேகமானது. பறவையைத் தொந்தரவு செய்த 2 முதல் 3 நிமிடத்துக்குள் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே கோழியின் இயல்பான ஹார்மோன் அளவு வேண்டுமென்றால் 3 நிமிடத்துக்குள் ரத்தம் குழாய்க்குள் வந்தாக வேண்டும். கவனியுங்கள்: அந்த 3 நிமிடம் கோழி கையில் சிக்கியதிலிருந்து அல்ல, நீங்கள் அதை மிரட்டிய கணத்திலிருந்து. முற்றத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் விரட்டிப் பிடித்துவிட்டு, "ஊசி போட்டு அரை நிமிஷத்துல எடுத்துட்டேன் சார்" என்று சொல்வதில் பொருளே இல்லை.

செல் கடிகாரம் மெதுவானது. வெள்ளையணு விகிதம் மாற அரை மணி முதல் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஸ்மியர், அதாவது ஸ்லைடில் மெல்லியதாக இழுத்த ரத்தப் படலம், மட்டும் எடுப்பவர்கள் 3 நிமிடத்துக்காகப் பதற வேண்டாம். விரட்டிப் பிடித்த கோழியிலும் உடனே எடுத்த ஸ்மியர் பழைய நிலையைத்தான் காட்டும். இதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள். காலையில் பிடித்துக் கூடையில் போட்டு, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், சாப்பிட்டுவிட்டு மதியம் ரத்தம் எடுத்தால் நீங்கள் படிப்பது கூடைப் பயணத்தைத்தான், வீட்டு நிலையை அல்ல. ஊசியும் ஸ்லைடும் கோழி இருக்கும் இடத்துக்குப் போகட்டும்.

நம் ஊர்ப் பழக்கம் இங்கே பெரிய வசதி. இரவில் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். விடியும் முன், வெளிச்சம் போடாமல், பஞ்சாரத்தின் ஒரு விளிம்பை ஒரு சாண் தூக்கிக் கையை உள்ளே விட்டு, இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணைத்து எடுத்தால் கோழி கொக்கரிக்கக்கூட நேரமிருக்காது. ஒரு பஞ்சாரத்துக்கு ஒரு கோழி என்று முந்தின இரவே பிரித்துக் கவிழ்க்கச் சொல்லுங்கள். ஒரே பஞ்சாரத்தில் நான்கு இருந்தால், முதலாவதை எடுத்த நொடியில் மற்ற மூன்றின் ஹார்மோன் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும்.

எல்லா நாளும் அதே நேரத்தில் எடுங்கள். கார்ட்டிகோஸ்டிரோனுக்கு நாளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. விடியலில் எடுத்ததை மதியம் எடுத்ததோடு ஒப்பிட முடியாது.

6. ரத்தம் எடுப்பது

ஒருவர் கோழியை மடியில் பக்கவாட்டில் படுக்கவைத்து, கால்களை ஒரு கையால் பிடித்து, மேலிருக்கும் இறக்கையை விரிக்க வேண்டும். தலையை ஒரு துணியால் மூடினால் அமைதியாகிவிடும். இறக்கையின் உட்புறம், முழங்கை மூட்டைக் கடந்து போகும் நீல ரத்தக்குழாய் தெரியும். மேலிருக்கும் சிறு தூவிகளை ஸ்பிரிட் பஞ்சால் ஒதுக்குங்கள், பிடுங்க வேண்டியதில்லை. ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவே வைத்து நுழையுங்கள்.

சிரிஞ்சை வேகமாக இழுக்காதீர்கள். பறவையின் ரத்தக்குழாய்ச் சுவர் மெல்லியது, உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்மியருக்குச் சொட்டு ரத்தம் போதும், ஹார்மோனுக்கும் சேர்த்து அரை மில்லி. நலமான பறவையிலிருந்து உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எல்லை. ஒன்றரைக் கிலோ கோழியில் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட நாம் போகப்போவதில்லை.

ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து ஒரு நிமிடம் முழுதாக அழுத்துங்கள். கோழியை இறக்கிவிடும் அவசரத்தில் இதைச் சுருக்கினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டிப் பச்சையாகக் கன்றிப்போகும். கோழிக்காரர் அடுத்த முறை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

7. ஸ்மியர் இழுப்பதும் உலர்த்துவதும்

உறையாமல் தடுக்கும் மருந்து எதிலும் கலக்காத புது ரத்தத்திலிருந்தே ஸ்மியர் போடுங்கள். ஹெப்பாரின் கலந்த ரத்தத்தில் சாயம் நீலமாகப் படர்ந்து ஹெட்டரோஃபிலின் நிறத்தையே மறைக்கும்.

சிறிய சொட்டு, 30 முதல் 45 டிகிரி சாய்வு, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. மெல்ல அழுத்தாமல் இழுங்கள். பறவை செல்கள் எளிதில் நசுங்கும், நசுங்கிய செல்லை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. ஒரு கோழிக்கு மூன்று ஸ்லைடு போட்டு வையுங்கள், ஒன்று நிச்சயம் தேறும்.

போட்ட கையோடு விசிறி உலர்த்துங்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தானாகக் காயட்டும் என்று வைத்தால் செல்கள் சுருங்கி, ஓரம் முள்ளுமுள்ளாகிவிடும். ஈயும் எறும்பும் மொய்க்காத மூடிய பெட்டியில் அடுக்குங்கள். காய்ந்த ஸ்மியரை ஈ சில நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும்.

8. சாயம்

லீஷ்மன் சாயத்தில் மெத்தனால் இருப்பதால் தனியாக நிலைப்படுத்த வேண்டியதில்லை. ஸ்மியர் மூடும் அளவு சாயத்தைச் சொட்டி 2 நிமிடம் விடுங்கள். பிறகு அதன் மேலேயே இரண்டு மடங்கு பஃபர் தண்ணீர் ஊற்றி, ஊதிக் கலந்து, 10 முதல் 12 நிமிடம். கழுவி, நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சமாதானம் வேண்டாம். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு தித்திப்பாக இருந்தாலும் சாயத்துக்கு ஆகாது. காரம் கூடினால் எல்லாம் நீலம், அமிலம் கூடினால் எல்லாம் சிவப்பு. நாம் செல்களைப் பிரிப்பதே நிறத்தை வைத்துத்தான். வாலைவடித்த நீரில் கரைத்த பஃபரை மட்டும் பயன்படுத்துங்கள்.

9. செல்களை அடையாளம் காண்பது

மனித ரத்தம் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் தலை சுற்றும். கோழியின் சிவப்பணு நீள்வட்டமாக இருக்கும், அதற்குள் உட்கருவும் இருக்கும். இதனால்தான் மனித ரத்தத்துக்கான எண்ணும் கருவியில் கோழி ரத்தத்தைக் கொடுக்கக் கூடாது. உட்கரு உள்ள எல்லாவற்றையும் வெள்ளையணு என்று அது எண்ணித் தள்ளும். கண்ணால் எண்ணுவதைத் தவிர வழியில்லை.

ஹெட்டரோஃபில்: கதிர் வடிவ, செங்கல் சிவப்புத் துகள்கள் செல் முழுக்க அடைத்திருக்கும். மடல் மடலான உட்கரு அந்தத் துகள்களுக்கு அடியில் பாதி மறைந்திருக்கும்.

இயோசினோஃபில்: இதற்கும் சிவப்புத் துகள்தான், ஆனால் உருண்டை. துகள்களுக்கு இடையில் தெரியும் பின்னணி வெளிர்நீலம். ஹெட்டரோஃபிலில் அந்தப் பின்னணி நிறமற்றது. சந்தேகம் வந்தால் துகளின் வடிவத்தைவிட இந்தப் பின்னணியை நம்புங்கள், ஏனென்றால் சாயம் போடும்போது துகள் வடிவம் சிதைவதுண்டு.

லிம்போசைட்: உருண்டை செல், உட்கரு பெரும்பகுதியை நிறைத்திருக்கும், சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு.

த்ராம்போசைட்: புதியவர்களின் கணக்கு கவிழ்வது இதனால்தான். ரத்தம் உறைய உதவும் இந்த செல்லுக்கும் பறவையில் உட்கரு உண்டு. சிறிய லிம்போசைட் என்று நினைத்து இதையும் எண்ணிவிடுவார்கள். லிம்போசைட் எண்ணிக்கை பொய்யாக ஏறும், விகிதம் இறங்கும், "சந்தைக்குப் போன கோழிக்கு அழுத்தமே இல்லை" என்று அறிக்கை எழுதுவார்கள். வேறுபாடு சுற்றியிருக்கும் நிறத்தில் இருக்கிறது. லிம்போசைட்டின் விளிம்பு நீலம். த்ராம்போசைட்டின் விளிம்பு கண்ணாடிபோல நிறமற்றோ மங்கிய சாம்பலாகவோ இருக்கும், ஒரு முனையில் ஒன்றிரண்டு சிறு சிவப்புப் புள்ளிகளும் தென்படலாம். உட்கரு கறுத்து இறுகியிருக்கும். கூட்டமாக ஒட்டிக் கிடந்தால் அது த்ராம்போசைட்தான்.

மோனோசைட் பெரியது, சாம்பல் நீலம், அவரைவிதை வடிவ உட்கரு. பேசோஃபில் கரும் ஊதாத் துகள்களோடு தனியாகத் தெரியும்.

எண்ணத் தொடங்கும் முன், ஒரு ஸ்லைடில் த்ராம்போசைட்டையும் லிம்போசைட்டையும் மட்டும் பிரித்துப் பிரித்து ஒரு முழு மாலை பாருங்கள். அதன் பிறகுதான் எண்ணிக்கை.

10. எண்ணுவதும் கணக்கும்

சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காக இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஸ்மியரின் வால் முனையில் எண்ணக் கூடாது, பெரிய செல்கள் அங்கே ஒதுங்கியிருக்கும். மேலும் கீழுமாக நகர்ந்து, ஆயில் ஆப்ஜெக்டிவில் 100 வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணுங்கள். எந்த ஸ்லைடு எந்தக் கோழியுடையது என்று எண்ணுபவருக்குத் தெரிய வேண்டாம். எதிர்பார்ப்பு கண்ணை இழுக்கும், சந்தேகமான செல்லெல்லாம் நமக்குப் பிடித்த பக்கம் போய்ச் சேரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. சந்தைக்கு முன்: ஹெட்டரோஃபில் 24, லிம்போசைட் 66, மற்றவை 10. விகிதம் 24-ஐ 66-ஆல் வகுத்தால் 0.36. திரும்பிய அன்று மாலை: 42, 48, 10. விகிதம் 0.88.

இத்தோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். ஹெட்டரோஃபில் கூடியதால் விகிதம் ஏறியதா, லிம்போசைட் குறைந்ததாலா? மொத்த வெள்ளையணு மதிப்பீடும் வேண்டும். 40 ஆப்ஜெக்டிவில் பத்து இடங்களில் வெள்ளையணுக்களை எண்ணிச் சராசரி எடுத்து, 40-இன் வர்க்கமான 1,600-ஆல் பெருக்குங்கள். சராசரி 15 என்றால் ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 24,000. மாலையில் 14 என்றால் 22,400. அப்போது லிம்போசைட் 15,840-இலிருந்து 10,752-க்கு இறங்கியிருக்கிறது, ஹெட்டரோஃபில் 5,760-இலிருந்து 9,408-க்கு ஏறியிருக்கிறது. இரண்டும் எதிரெதிராக நகர்வது கார்ட்டிகோஸ்டிரோனின் கையெழுத்து. ஹெட்டரோஃபில் மட்டும் பல மடங்கு ஏறி லிம்போசைட் அசையாமல் இருந்தால், முதலில் பாக்டீரியா தொற்றைச் சந்தேகியுங்கள்.

11. விகிதத்தை எப்படிப் படிப்பது

கோழியில் அழுத்தத்தை அளக்க இந்த விகிதத்தை 1983-இல் முன்வைத்தவர்கள் கிராஸ், சீகல் என்னும் இருவர். பின்னால் அவர்களே 0.2 என்றால் குறைவு, 0.5 நடுத்தரம், 0.8 அதிகம் என்று ஒரு அளவுகோலும் தந்தார்கள். அந்த எண்களை நம் ஊர்க் கோழிமீது அப்படியே ஒட்டாதீர்கள். இனம், வயது, தீவனம் எல்லாம் அடிப்படை எண்ணை மாற்றும். உங்கள் வீட்டுக்கோழிதான் உங்கள் அளவுகோல்.

இன்னொன்று, உயிர் போகும் அளவுக்கு அழுத்தம் வந்தால் விகிதம் ஏறாமல் இறங்கவும் கூடும். ஹெட்டரோஃபில் சரிந்து பேசோஃபில் கூடும். அக்கினி நட்சத்திர மதியத்தில் வாய் பிளந்து, இறக்கை விரித்துத் துவண்டு கிடக்கும் கோழியின் விகிதம் குறைவாக இருந்தால் "நலம்" என்று எழுதிவிட வேண்டாம். கோழியையும் ஒரு பார்வை பாருங்கள்.

12. எண்ணிக்கை சரி, செல் வேலை செய்கிறதா?

செல் எத்தனை என்பது ஒரு கேள்வி, அது தன் வேலையைச் செய்கிறதா என்பது வேறு. இதற்கு எளிய வழி, எப்படியும் போடப்போகும் ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல் நோய்) தடுப்பூசியைப் பயன்படுத்திக்கொள்வது. 8-ஆவது வாரத்தில் போடும் ஆர்2பி தடுப்பூசிக்கு முன் ஒரு முறை, மூன்று வாரம் கழித்து ஒரு முறை ரத்த நீர் எடுத்து, ஆய்வகத்தில் எச்ஐ சோதனைக்குக் கொடுங்கள். எதிர்ப்பொருள் எவ்வளவு உயர்ந்தது என்று அது சொல்லும். நெரிசலிலும் வெயிலிலும் வளர்ந்த குஞ்சுகளில் இந்த உயர்வு குறைந்தால், எதிர்ப்பொருளை உண்டாக்கும் லிம்போசைட்டுகளான பி செல்கள் தங்கள் வேலையைக் குறைத்துவிட்டன என்று பொருள்கொள்ளலாம். முன் அளவு இல்லாமல் பின் அளவு மட்டும் எடுப்பது வீண். குஞ்சாக இருந்தபோது போட்ட எஃப்1 தடுப்பூசியின் மிச்சம் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும்.

இறக்கைத் தோலில் பிஎச்ஏ என்னும் தாவரப் புரதத்தைச் செலுத்தி, 24 மணி நேரம் கழித்து வீக்கத்தைக் காலிப்பரால் அளக்கும் முறையும் உண்டு. வீக்கம் பெரிதானால் எதிர்ப்புச் சக்தி அதிகம் என்று நேர்க்கோடு போடாதீர்கள். அழுத்தத்தில் தோலுக்கு நகர்ந்த செல்களாலும் வீக்கம் கூடலாம். இரண்டாம் படியில் சொன்ன இடமாற்றம் இங்கே வந்து குழப்பும். ஆரம்பத்தில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவு. மனித செல்லுக்கான 37-இல் வைத்துவிட்டு "செல் சோம்பலாக இருக்கிறது" என்று ஹார்மோன்மேல் பழிபோட வேண்டாம்.

13. பர்சாவைப் பார்ப்பது

நீண்டநாள் அழுத்தத்தின் தடம் ரத்தத்தைவிடப் பர்சாவில் தெளிவு. இதற்காகக் கோழியைக் கொல்ல வேண்டாம். சமையலுக்கு அறுக்கும் இளங்கோழியைச் சுத்தம் செய்யும்போது எச்சத்துவாரத்துக்கு உட்புறம், குடலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் தேடுங்கள். வெளிறிய, உருண்டையான சிறு பை. வெட்டினால் உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். கொழுப்பை ஒட்ட நறுக்கி எடுத்துவிட்டு, நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசில் நிறுங்கள். பர்சா எடையைக் கோழியின் உயிர் எடையால் வகுத்து 1,000-ஆல் பெருக்க வேண்டும். 600 கிராம் கோழியில் 1.8 கிராம் பர்சா என்றால் 3. உயிர் எடையை அறுக்கும் முன்பே நிறுத்துக் குறித்திருக்க வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஐந்தாறு மாதம் தாண்டிய கோழியில் பர்சாவைத் தேடாதீர்கள். பருவத்துக்கு வரும்போது பால் ஹார்மோன்கள் அதைத் தாமாகவே கரைத்துவிடும், அது நோயும் அல்ல, அழுத்தமும் அல்ல. அடுத்து, கம்போரோ நோய் பர்சாவையே தாக்கிச் சுருக்கும் வைரஸ் நோய். மூன்று முதல் ஆறு வார வயதில் அந்தக் கூட்டத்தில் திடீர்ச் சாவு, வெள்ளை நிறத்தில் நீர்த்த எச்சம் இருந்ததா என்று கோழிக்காரரிடம் கேளுங்கள். இருந்தது என்றால் அந்தக் கூட்டத்துப் பர்சா எடைகளைத் தனி ஏட்டில் எழுதுங்கள், ஹார்மோன் கணக்கில் சேர்க்காதீர்கள்.